ஜீனை மாற்றுவது என்றால், எந்தச் செல்லில்?

“சொந்தத்துல கட்டினா ஜீன் கெட்டுப்போயிடும்.” “சர்க்கரை எங்க பரம்பரை ஜீன்லயே இருக்கு, என்ன பண்ணச் சொல்றீங்க?” “பிபிடி நெல்லுலயே ஜீனை மாத்திப்புட்டானுவோ.” “அட போங்கண்ணே, சீனாக்காரன் பிள்ளையவே ஜீன் மாத்திப் பெத்தெடுத்துட்டான்.”

கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை எந்த டீக்கடை பெஞ்சிலும் இந்த நாலு பேச்சும் ஒரே மூச்சில் வந்துவிழும். நாலும் ஒரே சங்கதி என்ற நினைப்பில்தான் பேசுகிறார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவதில் கால்வாசி தேறும். மூன்றாவது நடந்ததுதான், ஆனால் கேட்டவுடன் மனதில் ஓடும் படம் வேறு, வயலில் நடந்தது வேறு. நாலாவதும் நடந்தது. செய்தவர் ஜெயிலுக்குப் போனார்.

இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

## எல்லாச் செல்லிலும் ஒரே வாய்க்கால்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ என்ற மிக நீண்ட நூலிழை மடிந்து கிடக்கிறது. ஏ, டி, ஜி, சி என்று நாலே வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட இழை அது. இவற்றை விஞ்ஞானிகள் எழுத்துகள் என்கிறார்கள். அம்மாவிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்து, அப்பாவிடமிருந்து அதே அளவு. இரண்டையும் பிரித்து நீட்டினால் ஒரு செல்லில் உள்ளது மட்டும் 2 மீட்டர் வரும். இந்த இழை 23 ஜோடித் துண்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம்.

இந்த நீளத்தில், ஒரு புரதத்தைச் செய்யும் முறை எழுதியிருக்கும் பகுதிதான் ஜீன், அதாவது மரபணு. புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தான் ஞாபகம் வரும். செல்லுக்குள் வேலை பார்க்கும் ஆட்கள் பெரும்பாலும் புரதங்களே. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் ஒரு புரதம். மனிதனின் எல்லா எழுத்துகளையும் படித்துவிடுவது என்று 1990-ல் பல நாடுகள் கூடி ஆரம்பித்த திட்டம் 2003-ல் முடிந்தது. விட்டுப்போன இடங்களை 2022-ல்தான் நிரப்பினார்கள். அதில் தெரிந்தது, நம்மிடம் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000-தான். மொத்த எழுத்தில் அது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

அப்படியானால் மீதி எதற்கு? இங்கே நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துப் பேசலாம். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பிறகு கிளை ஆறு, வாய்க்கால், மடை என்று போய்க் கடைமடையில் முடிகிறது. வாய்க்கால் இருப்பதால் மட்டும் வயல் விளைந்துவிடாது. எந்த ஷட்டர் எப்போது தூக்கியிருக்கிறது, எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஜீன்கள் வாய்க்கால்கள் என்றால், மீதி டி.என்.ஏ-வில் ஒரு பகுதி அந்த ஷட்டர்கள். கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் ஒரே 20,000 வாய்க்கால்தான் இருக்கிறது. திறந்திருப்பவை வேறு, அடைத்திருப்பவை வேறு. அதனால்தான் ஒன்று கல்லீரல், ஒன்று தோல்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. ஆற்று ஷட்டரைத் தூக்க லஸ்கர் வருவார். செல்லில் அப்படி வெளியாள் கிடையாது. ஷட்டரைத் திறப்பதும் அடைப்பதும் புரதங்களே. அந்தப் புரதங்களைச் செய்வது வேறு சில ஜீன்கள். ஆகவே ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் தெரியும்.

இதுவரை சொன்னது: டி.என்.ஏ என்பது முழு எழுத்து, ஜீன் என்பது அதில் ஒரு புரதத்துக்கான பகுதி, அநேகமாக எல்லாச் செல்லிலும் எல்லா ஜீனும் உண்டு, எது திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

## ஒரே ஓர் எழுத்து

ஜீனில் பிசகு என்றால் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு அரிவாள் செல் சோகையைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒரு பகுதி. 146 மணிகள் கோத்த மாலை என்று வையுங்கள். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். எந்த மணி எங்கே வரவேண்டும் என்று ஜீனில் மூன்று மூன்று எழுத்தாகக் குறித்திருக்கிறது. ஆறாவது மணிக்கு ஜி-ஏ-ஜி என்று இருக்கவேண்டும். சிலருக்கு அது ஜி-டி-ஜி. நடு எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வராமல் வாலின் என்ற வேறு மணி வந்து உட்காருகிறது. வாலினுக்கு ஒட்டும் குணம் உண்டு. ஆக்ஸிஜனை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பியாகின்றன. வட்டமாக இருந்த சிவப்பணு கதிர் அரிவாள் மாதிரி வளைகிறது. வளைந்தது நுண்ணிய ரத்தக் குழாயில் சிக்கி அடைக்கும்போது வருகிற வலி சாதாரண வலி அல்ல. 120 நாள் இருக்கவேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் சிதைகிறது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது நம் மாநிலத்தில்தான், 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இதே பீட்டா ஜீனில் வேறு மாதிரிப் பிசகுகள் ஏற்பட்டு, சங்கிலியே குறைவாகவோ அறவே இல்லாமலோ போனால் அது பீட்டா தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளில் பலருக்கு இருப்பது இதுதான்.

## சொந்தத்தில் கட்டுவது பற்றி

அநேகமாக எல்லா ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. தலசீமியா மாதிரி நோய்களில் ஒரு பிரதி பிசகாக இருந்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவரைச் சுமப்பவர் என்போம். ஆஸ்பத்திரியில் கேரியர் என்பார்கள். அவருக்கு நோய் இல்லை. பலருக்கு ஆயுசு முழுக்கத் தெரியாமலே போகும். தலசீமியா சுமப்பவர்களுக்குச் சிவப்பணு கொஞ்சம் சின்னதாக இருப்பதால், இரும்புச்சத்துக் குறைவு என்று வருஷக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. “முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது” என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பவேண்டாம். சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இனி சொந்தத்துக்கு வருவோம். தாத்தா ஒருவரிடம் பிசகான பிரதி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது அவர் மகனுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு, மகளுக்குப் போகவும் அப்படியே. அங்கிருந்து பேரனுக்கும் பேத்திக்கும் தலா நாலில் ஒன்று. அந்த அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால், இருவருமே சுமப்பவராக இருக்க 16-ல் ஒன்று, பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பிசகாக வந்து சேர 64-ல் ஒன்று. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் உறவு இன்னும் நெருக்கம், அதனால் இதே கணக்கு 32-ல் ஒன்று. வெளியில் பெண் எடுத்தால்? ஊரில் 100 பேருக்கு ஒருவர் அந்தப் பிசகைச் சுமப்பதாக வைத்தால், அதே பேரனின் குழந்தைக்கு வருவது 1,600-ல் ஒன்று.

ஆக, கல்யாணம் எந்த ஜீனையும் கெடுப்பதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒளிந்திருந்த ஒரு பிசகின் இரண்டு பிரதிகள் ஒரே குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. “நாங்க நாலு தலைமுறையா உள்ளேயே கட்டுறோம், ஒண்ணும் ஆகலையே” என்பவரும் பொய் சொல்லவில்லை. 64-ல் ஒன்று என்றால் 63 முறை ஒன்றும் ஆகாது. பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அதோடு இன்னும் 2, 3 சேரும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பயமுறுத்தும் எண் அல்ல, அலட்சியப்படுத்தும் எண்ணும் அல்ல. ஜாதகம் பார்க்கும் நேரத்தில் இருவருக்கும் ஹெச்.பி.எல்.சி என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றையும் செய்துவிட்டால், தலசீமியா, அரிவாள் செல் விஷயத்திலாவது சந்தேகம் தீர்ந்துவிடும்.

## கிரிஸ்பர்: தேடுவதில்தான் சாமர்த்தியம்

ஜீன் திருத்தம் என்றதும் பத்திரிகைகள் கத்தரிக்கோல் படம் போடுகின்றன. வெட்டுவது பெரிய விஷயமே இல்லை. டி.என்.ஏ-வை வெட்டும் புரதங்கள் பல காலமாகத் தெரிந்தவை. 300 கோடி எழுத்தில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்த்த வழி பாக்டீரியாவிடமிருந்து வந்தது. பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். தப்பிப் பிழைத்த பாக்டீரியா, தாக்கிய வைரஸின் டி.என்.ஏ-வில் ஒரு துணுக்கை எடுத்துத் தன் டி.என்.ஏ-வில் ஓரமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால், அந்தத் துணுக்கின் நகலை அடையாளமாக வைத்துத் தேடி, பொருந்தும் இடத்தில் வெட்டிவிடும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் கிரிஸ்பர் என்று பெயர். எம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரும் 2012-ல் காட்டியது, அந்த அடையாளத் துணுக்கை நாமே எழுதிக் கொடுத்தால் நாம் சொல்லும் இடத்தில் வெட்ட வைக்கலாம் என்பது. 2020-ல் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

துணுக்கின் நீளம் 20 எழுத்து. நாலு எழுத்தை வைத்து 20 இடத்தை நிரப்பினால் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் வெவ்வேறு வரிசைகள் கிடைக்கும். நம் டி.என்.ஏ-வோ 300 கோடி எழுத்துதான். ஆகையால் நன்றாகத் தேர்ந்தெடுத்த 20 எழுத்து பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பொருந்தும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிகிறது. 18 எழுத்து ஒத்துப்போகும் வேறோர் இடத்திலும் தவறிப்போய் வெட்டிவிடுவது உண்டு. இந்தச் சிகிச்சைகளில் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

வெட்டிய பிறகு நடப்பது கிரிஸ்பரின் வேலை அல்ல, செல்லின் வேலை. அறுந்த முனைகளைச் செல் அவசரமாக ஒட்டுகிறது. ஒட்டும்போது ஓரிரு எழுத்து விட்டுப்போகிறது, அல்லது கூடுதலாகச் சேர்கிறது. அத்தோடு அந்த இடம் செயலிழக்கிறது. ஆகவே கிரிஸ்பருக்கு மிக எளிதாக வரும் வேலை ஒன்றைக் கெடுப்பதுதான். சரியான எழுத்தை எழுதுவது இதைவிடச் சிரமம். இழையை முழுக்க அறுக்காமல் ஓர் எழுத்தை மட்டும் வேதிமுறையில் மாற்றும் வழியை டேவிட் லியு குழுவினர் 2016-ல் வெளியிட்டார்கள். 2025-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ரத்தத்தில் அம்மோனியா ஏறும் அபூர்வ நோயோடு பிறந்த குழந்தைக்கென்றே இந்த வழியில் ஒரு மருந்தை ஆறு மாதத்தில் தயாரித்து, ரத்தக் குழாய் ஊசி வழியே கல்லீரலுக்கு அனுப்பினார்கள்.

சுருக்கமாக: தேடுவது துணுக்கு, வெட்டுவது புரதம், ஒட்டுவது செல்.

## அடைத்த மடையைத் திறந்த வைத்தியம்

கெடுப்பதுதான் எளிது என்றால், அதை வைத்து அரிவாள் செல் நோயை எப்படிக் குணப்படுத்துவது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு ஹீமோகுளோபின். அதில் பீட்டா சங்கிலி கிடையாது, காமா சங்கிலிதான். பிறந்த சில மாதங்களில் காமா வாய்க்கால் அடைபட்டு பீட்டா வாய்க்கால் திறக்கிறது. அதனால்தான் அரிவாள் செல் நோயுள்ள குழந்தையும் முதல் சில மாதம் நன்றாகவே இருக்கும். அடைக்கும் வேலையைச் செய்யும் புரதத்தின் பெயர் பிசிஎல்11ஏ. அதைக் கெடுத்துவிட்டால் காமா மறுபடி ஓடும், பீட்டா பிசகாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் பிசிஎல்11ஏ-வுக்கு மூளையிலும் வேறு செல்களிலும் வேலை இருக்கிறது, அதை அடியோடு ஒழிக்க முடியாது. அதனால் அந்த ஜீனில் புரதத்துக்கான எழுத்துகளைத் தொடாமல், சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் அதைத் திறந்துவிடும் ஷட்டர் எழுத்துகளை வெட்டினார்கள். அந்த நூற்றுக்கு 98 பங்கு ‘மீதி’ டி.என்.ஏ இங்கேதான் முக்கியமாகிறது.

காஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஒரு வருஷமாவது கடும் வலி வரவில்லை. செய்முறை ஊசி போடுவதுபோல் எளிதல்ல. நோயாளியின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தம் ஊறும் மூலச் செல்களை, வெளியே எடுத்து ஆய்வகத்தில் திருத்துகிறார்கள். எலும்பு மஜ்ஜையில் மிச்சமிருக்கும் பழைய செல்களைக் கடும் கீமோ மருந்தால் அழித்துவிட்டு, திருத்தியதை உள்ளே ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு இன்றைக்கு எட்டுவது ரத்தப் பரிசோதனைதான்.

வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்த சிகிச்சையையும் சிலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். 2024 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வு பெரிய சாதனை, ஆனால் ஜீன் திருத்தம் அல்ல. ரத்தம் உறையத் தேவையான ஜீனின் நல்ல பிரதி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பழையதை யாரும் தொடவில்லை.

## சர்க்கரையும் உயரமும்

அரிவாள் செல் மாதிரி ஒரே எழுத்தில் அடங்கும் நோய்கள் குறைவு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் டி.என்.ஏ-வின் நூற்றுக்கணக்கான இடங்களுக்குத் துளித்துளியாகப் பங்கு உண்டு. அதற்குமேல் சாப்பாடு, உடலுழைப்பு, எடை. “ஜீன்லயே இருக்கு” என்று இரண்டாவது ஜாங்கிரியை எடுப்பவர் ஜீனைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. உயரத்துக்கு 54 லட்சம் பேரை ஆராய்ந்து 2022-ல் கண்டுபிடித்த இடங்கள் 12,000-க்கும் மேல். உயரமான, சிவந்த, கெட்டிக்காரப் பிள்ளையை ஆர்டர் கொடுத்துச் செய்யும் காலம் வந்துவிட்டது என்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லலாம்.

## எந்தச் செல் என்ற கேள்வி

காஸ்கெவி எடுத்துக்கொண்டு குணமானவருக்குக் குழந்தை பிறந்தால் அதற்கு எந்தப் பிரதி போகும்? பழைய, பிசகான பிரதிதான். திருத்தியது ரத்த மூலச் செல்லை, விந்தணுவையோ சினைமுட்டையையோ அல்ல. அந்தத் திருத்தம் அவரோடு முடிந்துவிடும். இது உடற்செல் திருத்தம்.

2018-ல் சீனாவின் ஹே ஜியான்குய் செய்தது இதற்கு நேர் எதிர். ஹெச்.ஐ.வி தொற்றாமலிருக்க என்று சொல்லி, சிசிஆர்5 என்ற ஜீனைக் கருநிலையிலேயே திருத்தினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஹெச்.ஐ.வி-யைத் தடுக்க எளிய, பாதுகாப்பான வழிகள் ஏற்கெனவே இருந்தன, அதனால் அந்தக் கருக்களுக்கு இது தேவையே இல்லை. தவறான இடத்தில் வெட்டு விழுந்திருந்தால் அது உடம்பு முழுக்கப் பரவும், அவர்கள் பிள்ளைகளுக்கும் போகும், சம்மதம் கேட்க அந்தத் தலைமுறை பிறக்கவே இல்லை. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்களும் இத்தகைய திருத்தத்துக்கு இடம் தரவில்லை.

ஆகவே செய்தியில் ‘ஜீன் திருத்தம்’ என்று பார்த்தால் முதலில் கேட்கவேண்டியது எந்தச் செல்லில் என்பதைத்தான். பயப்படுவதா, சந்தோஷப்படுவதா என்பது பதிலைப் பொறுத்தது.

## பிபிடி விவகாரம்

நெல்லில் இந்தக் கேள்வி தலைகீழாகிறது. விதைக்குப் போகாத திருத்தத்தால் உழவருக்கு ஒரு பயனும் இல்லை.

டெல்டாவில் நெல் பற்றிய பேச்சில் மூன்று விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. வெள்ளத்தில் மூழ்கினாலும் பதினைந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகம் வெறும் ஒட்டுக்கட்டு. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் இருந்த ஜீனைக் கலப்பின் மூலம் கொண்டுவந்தார்கள். 2002-ல் வந்த பிடி பருத்தியில் இருப்பது ஒரு பாக்டீரியாவின் ஜீன். அதுதான் மரபணு மாற்றுப் பயிர். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு ரகங்கள் இரண்டிலும் சேராதவை. பிபிடி 5204 என்கிற சம்பா மசூரியில் ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ஜீனைச் செயல் குறையச் செய்து உருவாக்கியது ‘கமலா’. கதிரில் மணி கூடச் செய்யும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் புரதத்துக்கான ஜீன் அது. சிதைப்பது குறைந்தால் மணி கூடுகிறது. இன்னொன்று எம்டியு 1010 என்ற நெல் ரகத்தில் இருந்து வந்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1, வறட்சியும் உப்பும் தாங்க. கடைமடையில் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுபவர்கள் கவனிக்கவேண்டியது இரண்டாவதைத்தான்.

இரண்டு ரகத்திலும் முடிவில் வேற்று உயிரின் ஜீன் இல்லை என்பதால், 2022 மார்ச்சில் கொண்டுவந்த விலக்கின்படி மரபணு மாற்றுப் பயிருக்கான கடும் அனுமதி நடைமுறை இவற்றுக்குப் பொருந்தாது. வேற்று ஜீன் இல்லை என்பது ஒன்று, சோதனை போதும் என்பது வேறொன்று. வயல் சோதனைத் தரவைப் பொதுவில் வைக்கச் சொல்லிக் கேட்பவர்களின் கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஆகவே இந்த ரகங்களில் வீட்டில் எடுத்து வைக்கும் விதைநெல்லிலும் திருத்தம் மாறாமல் வரும். எடுத்து வைக்கவும் மறுபடி விதைக்கவும் பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும் 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் உழவருக்கு உரிமை தருகிறது. கிரிஸ்பர் கருவியின் முக்கியக் காப்புரிமைகளோ வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. விதை கடைக்கு வரும் முன் வேளாண்மை அலுவலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டிய பதில், இந்த இரண்டில் எது செல்லும் என்பதற்குத்தான்.